ஐ.சி. கொப்பி கொடுக்க முதல் ஒரு பேனை எடுங்கோ

வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போய்த் திரும்பும்போது கச்சான் வாங்கினோம். கொறித்துக்கொண்டே வந்து முள்ளியவளை தாண்டினபோது கடதாசிச் சுருள் காலி. எறிய முதல் பிரித்துப் பார்த்தேன். கடதாசியோடு சீவிக்கிறவளுக்குக் கை சும்மா இராது. உள்ளே ஒரு பெண்ணின் முகம். அடையாள அட்டைப் பிரதி, நாங்கள் ஐ.சி. கொப்பி என்கிறது. பக்கத்தில் போன் நம்பர், கீழே வங்கிக் கணக்கு இலக்கம், அடியில் ஒப்பம்.

இலக்கம் 78567 என்று தொடங்கியது. பழைய அட்டைகளில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 567இல் 500 போக 67. மாசிக்கு எப்போதும் 29 நாள் வைத்துத்தான் எண்ணுவார்கள், அப்படியென்றால் மார்ச் 7. அந்த அக்காவை நான் கண்டதில்லை, ஆனால் அவவின் பிறந்தநாள், முகம், கணக்கு, கையெழுத்து எல்லாம் என் மடியில், உப்பும் கச்சான் தோலும் ஒட்டினபடி. 2016இல் வந்த 12 இலக்க அட்டையும் இதே கணக்குத்தான், ஆனால் வருடம் முழுதாக இருக்கும்.

எனக்கு ஒட்டுசுட்டானில் ஒரு போட்டோக் கொப்பிக் கடை. ஒரு மெசின், ஒரு கொம்பியூட்டர், லமினேற்றிங், ரீலோட். காலையில் டி.எஸ். ஒபிசுக்கு, அதுதான் பிரதேச செயலகத்துக்கு, போகிற சனம் முதலில் இங்கேதான் நிற்கும். "பிள்ளை, ஐ.சி.யில மூண்டு கொப்பி அடியுங்கோ." எதுக்கு அம்மா என்று கேட்டால், "கேட்டாங்கள், குடுக்கத்தானே வேணும்" என்பார்கள். அவர்களில் பிழை சொல்ல மாட்டேன். 2009இல் போரில் இடம்பெயர்ந்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் ஒரே பெயரை எத்தனை வரிசையில் நின்று எத்தனை பேருக்குச் சொன்னோம் என்று எனக்கே கணக்கில்லை. அட்டை இல்லாதவன் மனுசனில்லை என்றிருந்த காலம். இன்றைக்கும் எங்கட வயசான ஆக்கள் அட்டையை சொப்பிங் பையில் சுற்றி, மேலே ரப்பர் போட்டு, நெஞ்சோடு கொண்டு வருவார்கள். கேட்டால் உடனே கொடுத்துப் பழகின கை. அந்தக் கைக்கு ஒரு பேனையைப் பழக்க வேணும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

செய்யிறது இதுதான். கொப்பியில் அட்டையின் படத்துக்குக் குறுக்கே, மூலையிலிருந்து மூலைக்கு இரண்டு சமாந்தரக் கோடு இழுங்கோ. காசோலையில் இழுக்கிற மாதிரி. கோடுகளுக்கு நடுவில் யாருக்கு, எதற்கு, எப்போது என்று எழுதுங்கோ: "இன்ன வங்கியில் சேமிப்புக் கணக்குத் திறக்க மாத்திரம்", பிறகு திகதி, ஒப்பம். எழுத்து அட்டையின் இலக்கத்துக்கும் முகத்துக்கும் மேலால் கொஞ்சம் ஓட வேணும், ஆனால் இரண்டும் வாசிக்கத் தெரிய வேணும். ஓரத்து வெள்ளையில் எழுதினால் கத்தரிக்கோல் போதும் அதை வெட்ட. நீல மை நல்லது, கொப்பிக்கு மேல் நீங்கள்தான் எழுதியது என்று பார்த்ததும் தெரியும். அதை ஒருவன் திரும்பக் கொப்பி அடித்தாலும் எழுத்து கூடவே போகும்.

"எழுதின கொப்பி எடுக்கமாட்டம்" என்று சிலர் சொல்வார்கள். என் அனுபவத்தில் அரச அலுவலகங்களில் இதற்குப் பெரிதாக முகம் சுழிப்பதில்லை. குழுக்கடன் கொடுக்க மோட்டார் சைக்கிளில் வருகிற தம்பிமாருக்குத்தான் பிடிக்காது. பிடிக்காததற்கு ஒரு காரணம் இருக்கும்தானே. நான் ஒருமுறை பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்காகக் கேட்டேன், "தம்பி, இந்தக் கொப்பி இந்தக் கடனுக்கு மட்டும் எண்டா, அதை எழுதிறதில உங்களுக்கு என்ன நட்டம்?" அவர் கடைசியில் எழுதின கொப்பியையே வாங்கிக்கொண்டு போனார். படிவத்தில் வெற்றிடம் விட்டு ஒப்பம் வைக்காதேயுங்கோ, வெறுமையான இடத்தைக் கோடு போட்டு அடையுங்கோ. "எதுக்கும் இருக்கட்டும்" என்று கூடுதலாக ஒரு கொப்பி எடுக்கவும் வேண்டாம். எனக்கு 10 ரூபா குறையும், பரவாயில்லை.

இதற்குச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். சொன்ன தேவைக்கு மட்டும், அந்தத் தேவைக்கு வேண்டிய அளவு மட்டும் தரவை எடுக்க வேணும் என்பது அதன் அடிப்படை. மீறினால் ஒரு கோடி ரூபா வரை தண்டப்பணம் போடலாம். ஆனால் முழுதாக நடைமுறைக்கு வருகிற நாள் தள்ளித் தள்ளிப் போனது. வரட்டும், நல்லது. அதுவரைக்கும் 30 ரூபாப் பேனை.

என் பக்கத்துப் பிழையையும் சொல்ல வேணும். இப்போது பாதிப் பேர் அட்டையைக் கொண்டு வருவதில்லை, படம் எடுத்து வட்ஸ்அப்பில் கடை நம்பருக்கு அனுப்பி, "அக்கா, ஒரு பிரிண்ட்" என்பார்கள். போன வருசம் என் போனில் இடம் நிரம்பி, கலரியைத் திறந்தால் அடையாள அட்டை, பாஸ்போட், பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் என்று முந்நூறுக்கு மேல். ஒன்றையும் நான் களவெடுக்கவில்லை, ஆனால் போனைக் களவு கொடுத்திருந்தால்? இப்போது கடை பூட்ட முதல் எல்லாவற்றையும் அழிக்கிறேன். வட்ஸ்அப் உரையாடலில் அழித்தால் போதாது. கலரியிலும் அழிக்க வேணும், கூகுள் போட்டோஸில் தானாகச் சேமிக்கிற பக்கப் (backup) போட்டிருந்தால் அதன் குப்பைத் தொட்டியில் 60 நாள் கிடக்கும், அங்கேயும் போய்த் துடைக்க வேணும். நீங்கள் எந்தக் கடைக்கு அனுப்பினாலும் பிரிண்டை வாங்கின கையோடு, "என்ர கண்ணுக்கு முன்னாலேயே அழியுங்கோ" என்று கேளுங்கோ. வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கட போனில் நீங்களும் அனைவருக்குமாக நீக்கிவிடலாம்.

வட்ஸ்அப் களவைப் பற்றிச் சுருக்கமாக: ஆறு இலக்கக் குறியீடு வந்தால் அதை ஒருவருக்கும் சொல்லாதேயுங்கோ, தெரிந்தவரின் பெயரில் கேட்டாலும். செற்றிங்ஸில் அக்கவுண்ட் பகுதிக்குப் போய் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு, பின் இலக்கம் வையுங்கோ. என் மச்சாளின் கணக்கு பறிபோய், அரை மணித்தியாலத்தில் கனடாவில் இருக்கிற மாமாவுக்கு "அவசரம், ஒரு லட்சம் போடுங்கோ" என்று போய்விட்டது. மாமா வோய்ஸ் கோல் எடுத்ததால் தப்பினார். பறிபோனால் உடனே உங்கள் நம்பரில் திரும்பப் பதியுங்கோ, களவெடுத்தவன் வெளியே தள்ளப்படுவான். கணினி அவசர உதவிப் பிரிவான சேர்ட்டின் இலக்கம் 101.

இனி எழுதுகிற விசயம். இதில்தான் பெடியளுக்கும் எனக்கும் கொழுவல்.

எங்கட ஒழுங்கை மதகு கட்டி ஒரு மாரி போக முதல் உடைந்தது. ஒரு தம்பி வந்து தன் பேஸ்புக் பதிவை டைப் பண்ணித் தரச் சொன்னான். "கள்ளக் கொந்துராத்துக்காரன் அரைவாசியைத் தின்றிட்டான், ஒபிசுக்காரனும் பங்கு." தின்றதை நீ கண்டனியோ என்றேன். "ஊருக்கே தெரியும் அக்கா." ஊருக்குத் தெரியும், பொலிசில் போய் ஊர் நிற்காது. பதிவு போட்டவனைப் பொலிசுக்கு இழுக்கச் சட்டங்கள் இருக்கின்றன.

2024 ஜனவரி 24 அன்று பாராளுமன்றம் 108க்கு 62 என்ற வாக்கில், இணையத்தில் போடுவதைக் கட்டுப்படுத்துகிற நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. பெப்ரவரி 1இலிருந்து அது சட்டம். எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்க ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு ஒன்றை அமைக்க அது வழி வைத்தது. ஒருவரைத் துன்புறுத்துகிற எண்ணத்தோடு அவருடைய தனிப்பட்ட விபரங்களைப் போடுவதும் அதில் குற்றம். அந்த ஒரு பகுதியில் எனக்குச் சண்டையில்லை, படத்தை வைத்து வெருட்டப்பட்டுக் கடைக்கு வந்து அழுத பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். ஆனால் எது உண்மை என்று ஐந்து பேர் சொல்லட்டும் என்பதை வன்னியில் இருந்துகொண்டு நான் எப்படி ஒத்துக்கொள்வேன்? 2009இல் இங்கே எத்தனை பேர் இருந்தார்கள் என்பதிலேயே இன்னும் வழக்கு முடியவில்லை.

அது மட்டும் இல்லை. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். சட்டம், குடியியல், அரசியல் உரிமைகளைக் காக்கிற சர்வதேச உடன்படிக்கையின் பெயரில் வந்தது. பேஸ்புக்கில் போட்ட ஒரு சிறுகதைக்காக எழுத்தாளர் சக்திக சத்குமாரவை 2019இல் நான்கு மாதம் உள்ளே வைத்தது அந்தச் சட்டம்தான். 2024 மேயில் சம்பூரில் முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர்களைக் கைது செய்ததும் அதே சட்டத்தில். தற்காலிக ஏற்பாடு என்று 1979இல் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தைச் சொல்லத் தேவையில்லை. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரம் தருகிறது, உண்மை. அதை நீதிமன்றத்தில் போய்ச் சொல்ல எடுக்கிற மாதங்களில் வீட்டில் யார் உழைப்பது?

அதனால் நான் சொல்வது வாயை மூடு என்று இல்லை. கண்டதை எழுது. திகதி, இடம், நீ எடுத்த படம், பெயர்ப் பலகையில் போட்டிருக்கிற தொகை. "நான் பார்த்தேன்" என்று தொடங்குகிற வசனத்துக்கு நீ பொறுப்பு நிற்கலாம். "சொல்லினம்" என்று முடிகிறதை வெட்டு. பிள்ளைகளின் முகத்தைப் போடாதே. நண்பர்களுக்கு மட்டும் என்று வைத்தால் பூட்டிய வீடு என்று நினைக்காதே, நண்பர்களில் ஒருவன் ஸ்கிறீன்சொட் எடுக்க ஒரு நிமிசம் போதும். அப்படியும் விசாரணைக்கு வரச் சொன்னால், போனில் சொல்வதை எழுத்தில் தரச் சொல்லிக் கேள், தனியப் போகாதே, ஒரு சட்டத்தரணியிடம் கதைத்துவிட்டுப் போ. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல், வாசிக்காமல் ஒப்பம் வைக்காதே. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996, அதைக் கடதாசியிலும் எழுதி வைத்திரு, போனை வாங்கி வைத்துவிட்டால் என்ன செய்வாய்?

தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்ப அவன் தின்றது தின்றதுதானா?"

கேட்டுப் பாப்பம் என்றேன். ஒரு முழுத்தாளில் எழுதினோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தகவல் அலுவலர் அவர்கட்கு. இந்த மதகின் மதிப்பீட்டு அறிக்கை, ஒப்பந்தம், வேலை முடிந்ததாகக் கொடுத்த சான்றிதழ், கொடுத்த பணத்தின் விபரம், இவற்றின் பிரதி. அவ்வளவுதான். ஏன் உடைந்தது, யார் பொறுப்பு என்று கேட்டால் அவர்கள் கதை எழுதுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஆவணத்தைத்தான் தர வேணும். காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழில் எழுதலாம். படிவம் கட்டாயமில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேணும், இதை வயசானவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கோ. கையில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதாக எழுத்தில் வாங்க வேணும், தபால் என்றால் பதிவுத் தபால், அதன் துண்டைப் பத்திரமாக வைக்க வேணும்.

தருவதா இல்லையா என்று அவர்கள் 14 வேலை நாளுக்குள் தீர்மானிக்க வேணும். நாங்கள் கலண்டரில் போயா விடுமுறையையும் சனி ஞாயிறையும் வெட்டி எண்ணினோம். வரவில்லை. அது முடிந்ததும் 14 நாளுக்குள் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். எங்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை. மேன்முறையீடு போன மூன்றாம் கிழமை தடித்த கடித உறை ஒன்று வந்தது. நாலு பக்கம் வரை இலவசம், அதற்கு மேல் ஏ4 ஒரு பக்கத்துக்கு 2017 வர்த்தமானியின்படி 2 ரூபா. என் கடையை விட மலிவு.

மதிப்பீட்டில் இருந்த கம்பி எத்தனை, மதகில் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிற கம்பி எத்தனை என்று தம்பி சைக்கிளில் போய் எண்ணிக்கொண்டு வந்தான். கள்ளன் என்ற சொல் பதிவில் வரவில்லை. இரண்டு எண்ணிக்கையும் இரண்டு படமும்தான். முழு ஒப்பந்தத்தையும் ஸ்கான் பண்ணிப் போடு அக்கா என்றான்.

மூன்றாம் பக்கத்தைப் பார்த்தேன். கொந்துராத்துக்காரரின் வீட்டு விலாசம், போன் நம்பர், அடையாள அட்டை இலக்கம், கீழே கையெழுத்து. தம்பி போனை எடுத்து அந்த வரிகளுக்கு மேல் விரலால் கறுப்பாகக் கீறினான். ஹைலைட்டர் மாதிரிக் கீறுகிற கறுப்பு அது, வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருக்கிற இலக்கம் தெரியும், கூட்டிக் காட்டினேன். பிறகு பக்கத்தை ஒருமுறை கொப்பி அடித்து, லமினேற்றிங் வெட்டின கறுப்பு மட்டையில் நாலு துண்டு எடுத்து அந்த இடங்களில் ஒட்டி, அதைத் திரும்பவும் கொப்பி அடித்து, அந்தக் கொப்பியை ஸ்கானரில் வைத்தேன்.

"அவனுக்கு ஏன் அக்கா இவ்வளவு மினக்கெடுறீங்கள்?" என்றான்.

மூடியை மூடிப் பொத்தானை அமத்தினேன். 20 ரூபா, கொப்பி ரெண்டு, என்றேன்.