மலக்குடல் திசுத் துணுக்கிலிருந்து ஆர்கனாய்டு வளர்த்து, அதன் இயக்கத்தை அளப்பது எப்படி?

நம் குடலின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் செல்கள் மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் உதிர்ந்து, புதியவை அவற்றின் இடத்துக்கு வந்துவிடுகின்றன. இந்தப் புதுப்பிப்பு முழுவதையும் நடத்துபவை, சுவரில் உள்ள நுண்ணிய குழிகளின் அடியில் இருக்கும் ஸ்டெம் செல்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் உள்ள ஹூப்ரெக்ட் ஆய்வு நிறுவனத்தில், ஹான்ஸ் கிளெவர்ஸின் குழு எல்ஜிஆர்5 என்னும் புரதத்தை அடையாளமாகக் கொண்டு 2007-இல் இவற்றை இனங்கண்டது. அக்குழுவில் இருந்த தோஷிரோ சாட்டோ, சுண்டெலியின் ஒரே ஒரு ஸ்டெம் செல்லிலிருந்து ஆர்கனாய்டு எனப்படும் ஒரு நுண்ணிய குடலுருவை 2009-இல் வளர்த்துக் காட்டினார். 2011-இல் அது மனிதத் திசுவிலும் கைகூடியது. செல் வளர்ப்பில் ஓரளவு பழகி, முதன்முறையாக மனித ஆர்கனாய்டில் இறங்கும் மாணவர்களுக்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன். ஒவ்வொரு படியும் உடலுக்குள் இருக்கும் எதற்கு ஈடாகச் செய்யப்படுகிறது என்பது புரிந்துவிட்டால், தவறு நேரும்போது எங்கே தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

திசுவைத் தொடுவதற்கு முன் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், திசு தருபவரின் எழுத்துபூர்வமான சம்மதமும் கையில் இருக்க வேண்டும். அவருடைய செல்கள் பல ஆண்டுகள் உறைநிலையில் இருக்கும், பிற ஆய்வுகளுக்கும் பயன்படலாம் என்பதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லியிருக்க வேண்டும்.

ஆயத்தம் முந்தைய இரவே தொடங்குகிறது. மேட்ரிஜெல் என்னும் கூழ், சுண்டெலிக் கட்டி ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. 4 டிகிரி செல்சியஸில் நீர்மமாக இருக்கும் அது, சூடு ஏறினால் இறுகிவிடும். எனவே அதைப் பனிக்கட்டியில் புதைத்துக் குளிர்பெட்டியில் இரவு முழுவதும் உருக விட வேண்டும். பிப்பெட் முனைகளையும் குளிர வைத்துவிட வேண்டும். மாறாக, 24 வெல் பிளேட்டை (24 சிறு கிண்ணங்கள் கொண்ட வளர்ப்புத் தட்டை) 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்துச் சூடாக்க வேண்டும்.

மருத்துவர் எடுத்துத் தரும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் துணுக்குகளைக் குளிர்ந்த ஊடகத்தில் (செல்களுக்கான ஊட்டத் திரவத்தில்) வாங்கி, அன்றே வேலையைத் தொடங்குவது நல்லது. கழுவும் நீர் தெளியும் வரை குளிர்ந்த உப்புக் கரைசலில் கழுவிய பின், 10 மில்லிமோலார் இடிடிஏ கரைசலில் ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் வரை, குளிரிலேயே, மெதுவாக ஆட்டியபடி வைக்க வேண்டும். செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதங்களுக்குக் கால்சியம் தேவை. இடிடிஏ அதைக் கவர்ந்துகொள்வதால் பிடி தளர்கிறது. பிறகு திரவத்தைப் பிப்பெட்டால் ஏற்றி இறக்கினால் குழிகள் முழுதாகக் கழன்று வரும். மைக்ரோஸ்கோப்பில் அவை வெட்டிய கையுறை விரல்களைப் போல, ஒரு முனை மூடியும் மறுமுனை திறந்தும் தெரியும். தனித்தனிச் செல்களாகத் தெரிந்தால் வேகம் மிஞ்சிவிட்டது என்று பொருள். இக்குழிகள் பிளாஸ்டிக்கில் எளிதாக ஒட்டிக்கொள்வதால், குழாய்களையும் முனைகளையும் முன்கூட்டியே சீரத்தால் நனைத்துவிட வேண்டும்.

சென்ட்ரிஃபியூஜில் மென்மையாகப் படியவைத்த குழிகளை மேட்ரிஜெல்லில் கலப்பதுதான் கை பழக வேண்டிய இடம். குமிழி வராதபடி கலந்து, சூடான பிளேட்டின் ஒவ்வொரு வெல்லிலும் நடுவில் 50 மைக்ரோலிட்டரை விட்டால், அது தட்டையாகப் பரவாமல் கவிழ்த்த கிண்ணம் போல நிற்கும். சுவரைத் தொட்டுவிட்டால் துளி வழிந்து உருக்குலையும். சிறிது நேரத்தில் பிளேட்டைத் தலைகீழாகத் திருப்பி, 37 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடங்கள் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் குழிகள் அடியில் இறங்கிப் பிளாஸ்டிக்கில் ஒட்டிப் படர்ந்துவிடும்.

அதன் மேல் 500 மைக்ரோலிட்டர் ஊடகத்தை ஓரமாக ஊற்ற வேண்டும். உடலில் குழியைச் சுற்றியுள்ள இணைப்புத் திசு செய்துவந்த வேலையை இனி இந்த ஊடகம்தான் செய்யப்போகிறது. ஸ்டெம் செல்லை ஸ்டெம் செல்லாகவே வைத்திருக்கும் ஆணையை டபிள்யூஎன்டி என்னும் சமிக்ஞைப் புரதம் தருகிறது. எல்ஜிஆர்5-உடன் இணையும் ஆர்-ஸ்பாண்டின் அந்த ஆணையை வலுப்படுத்துகிறது. ‘முதிர்ந்துவிடு’ என்று மேலிருந்து வரும் பிஎம்பி சமிக்ஞையை நாகின் தடுக்கிறது. பெருகுவதற்கு ஈஜிஎஃப் தூண்டுகிறது. மனிதச் செல்களுக்கு இவை போதாமல் நிக்கோட்டினமைடு என்னும் வைட்டமின் வகையும், ஏ83-01, எஸ்பி202190 ஆகிய சமிக்ஞைத் தடுப்பான்களும் சேர்க்கப்படுகின்றன. இருப்பிடத்தை விட்டுப் பிரிந்த செல்கள் மடியாதிருக்க, முதல் இரண்டு நாட்களுக்கு ஒய்-27632 என்னும் வேதிப்பொருள் தேவை. வளர்ச்சி நின்றுபோனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது டபிள்யூஎன்டியின் வீரியத்தையே.

ஓரிரு நாளில் திறந்த முனை மூடிக்கொண்டு ஒவ்வொரு குழியும் நடுவில் வெற்றிடம் கொண்ட உருண்டையாகும். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை ஊடகத்தை மாற்றி, ஏழு முதல் பத்து நாட்களில் உடைத்துப் புதிய மேட்ரிஜெல்லில் பிரித்துப் போட வேண்டும். முதல் சில பிரிப்புகளுக்குள்ளேயே ஒரு பகுதியை உறைய வைத்துவிடுங்கள். கண்ணில் படாமல் வளர்ப்பைக் கெடுக்கும் மைக்கோபிளாஸ்மா என்னும் பாக்டீரியாவுக்கான சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி இயக்கத்தை, அதாவது செல்கள் உப்பையும் நீரையும் கடத்தும் திறனை, அளப்பது. இதற்கு ஃபோர்ஸ்கோலின் என்னும் பொருள் வேண்டும். சேலம் வட்டாரத்தில் பயிராகும் மருந்துக் கூர்க்கனின் கிழங்கு வேரில் இருப்பதும் இதுவே. இது செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்னும் சமிக்ஞை மூலக்கூறை உயர்த்த, சிஎஃப்டிஆர் என்னும் வாயில் திறந்து குளோரைடு உள்வெளிக்கு (உருண்டையின் நடுவிலுள்ள வெற்றிடத்துக்கு) பாய, நீரும் தொடர்ந்து செல்ல, உருண்டை வீங்குகிறது. கால்சீன் சாயமிட்டு ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடங்களுக்கு ஒரு படம் எடுத்து, பரப்பு எவ்வளவு கூடியது என்று கணக்கிட வேண்டும். நுரையீரலையும் செரிமானத்தையும் பாதிக்கும் மரபு நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவரின் ஆர்கனாய்டில் இந்த வாயில் பழுதாகியிருப்பதால் வீக்கம் மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். பொருத்தமான மருந்தைச் சேர்த்தால் வீங்கத் தொடங்கும். 2013-இல் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட இந்த முறையைக் கொண்டு, அரிதான மரபணு மாற்றம் உடைய நோயாளிகளுக்கு எந்த மருந்து பயன்படும் என்று அங்கே முன்கூட்டியே பார்க்கிறார்கள். ஒரு மனிதரின் மருந்தை அவருடைய சொந்தத் திசுவையே கேட்டு முடிவு செய்ய முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

அளக்கும்போது இரண்டு கவனங்கள் தேவை. நலமான ஒருவரின் ஆர்கனாய்டு தொடக்கத்திலேயே வீங்கி நிற்பதால் அதன் கூடுதல் வீக்கம் சிறியதாகத் தெரியலாம். ஆகவே தொடக்க நிலையில் உள்வெளி எவ்வளவு பெரியது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அடுத்தது, ஒருவரின் திசுவிலிருந்து நிரப்பிய இருபது வெல்களை இருபது மாதிரிகளாக எண்ணக் கூடாது. அது ஒரே மாதிரிதான். எண்ண வேண்டியது திசு தந்த மனிதர்களின் எண்ணிக்கையை.