தகேடா மலைக்கோட்டைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

மேகத்தில் மிதக்கும் கோட்டை என்று இணையத்தில் சுற்றும் படத்தைப் பார்த்துவிட்டு ஜப்பானின் ஹியோகோ மாகாணத்துக்குக் கிளம்புகிறவர்களில் பலர், விடியற்காலையில் நேராகத் தகேடா கோட்டைக்கே ஏறிவிடுகிறார்கள். பெரிய தவறு இதுதான். கோட்டையில் நின்றால் காலுக்குக் கீழே மூடுபனி தெரியும். கோட்டை மிதப்பது எப்படித் தெரியும்? அந்தப் படங்கள் பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம், ரிட்சுவுன்கியோ என்ற மலைச்சரிவிலிருந்து எடுத்தவை. அங்கே மூன்று பார்வை மேடைகள் உண்டு. உச்சியில் இருப்பதை எட்ட இருட்டில் அரை மணி நேரத்துக்கும் மேல் ஏற வேண்டும். டார்ச் இல்லாமல் போகாதீர்கள். விடியலை அங்கே பார்த்துவிட்டு, பனி கலைந்ததும் கோட்டைக்குப் போனால் இரண்டும் கிடைக்கும்.

எந்த மாதமும் பனி இருக்கும் என்று நம்பிப் போவதும் வீண். இலையுதிர் காலம்தான் தோது, அதிலும் நவம்பர். முந்தைய பகல் வெயிலாக இருந்து, இரவு வானம் தெளிந்து நன்றாகக் குளிர்ந்து, காற்றும் அடங்கியிருந்தால் மருயாமா ஆற்றின் ஈரம் பனியாகத் திரண்டு பள்ளத்தாக்கை நிரப்பும். எட்டு மணி வாக்கில் கலையத் தொடங்கிவிடும்.

மேலே போய், "கட்டடமே இல்லையே, வெறும் கல்தானே" என்று பத்து நிமிடத்தில் இறங்குகிறவர்களை நினைத்தால் மனசு கேட்கவில்லை. 353 மீட்டர் உயர மலையுச்சியில், வடக்குத் தெற்காகச் சுமார் 400 மீட்டர் நீளத்துக்குக் கற்சுவர்கள். மூலைக்குப் போய்ப் பாருங்கள்: நீளக் கற்களை ஒன்று இந்தப் பக்கமும் அடுத்தது அந்தப் பக்கமுமாக மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள். நடுச்சுவரிலோ அதிகம் செதுக்காத கற்கள். சாந்து கிடையாது. பெரிய கல்லின் இடுக்கில் சின்னக் கல்லைச் செருகியிருக்கிறார்கள். பின்னாலும் சரளைக் கல் நிரப்பு, மழைநீர் தேங்காமல் வடிந்துவிடும்.

இந்தச் சுவர்களை 1443-ஐச் சேர்ந்தவை என்று எழுதுவதும் பிழை. அந்த ஆண்டு வாக்கில் இந்தப் பகுதியை ஆண்ட பிரபு யமனா சோசென் இங்கே கோட்டை அமைத்ததாகச் சொல்வார்கள். அது மண்கரையும் மரமுமான கோட்டை. 1577-ல், பின்னாளில் ஜப்பானை ஒன்றுபடுத்திய படைத்தலைவர் டொயோடோமி ஹிடெயோஷியின் தம்பி ஹிடெநாகா படையெடுத்து வந்தார். இன்று நாம் பார்க்கும் கற்கோட்டை அதற்கும் பின்னால், கடைசித் தலைவர் அகமாட்சு ஹிரோஹிடே காலத்து வேலை.

கோட்டை போரில் இடிந்தது என்பதும் தவறுதான். 1600-ல், ஜப்பானை யார் ஆள்வது என்று தீர்மானித்த செகிகஹாரா போரில் ஹிரோஹிடே தோற்ற மேற்கு அணியில் இருந்தார். பிறகு அணி மாறி டொட்டோரி கோட்டையைத் தாக்கியபோது அந்த ஊர் தீப்பற்றியது. பழி அவர்மேல் விழ, போரில் வென்ற டோகுகாவா இயேயாசுவின் ஆணைப்படி வயிற்றைக் கிழித்து உயிர்விட்டார். கன்ஃபூசிய நூல்களைப் படியெடுக்க, கொரியாவிலிருந்து சிறைபிடித்து வரப்பட்ட அறிஞர் காங் ஹாங்குக்குத் துணைநின்றவர் அவர். தலைவன் போனதும் கோட்டையும் கைவிடப்பட்டது.

படத்துக்காகச் சுவர் விளிம்பில் ஏறாதீர்கள். கூட்டம் மிதித்து மண் கரைந்ததால்தான் நடைபாதையில் விரிப்புப் போட்டிருக்கிறார்கள். அதைவிட்டு இறங்காமல் நடங்கள். குளிர்காலத்தில் கோட்டையை மூடிவிடுவார்கள், தேதியை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.