பழைய ஆபீஸைப் பிரிக்கும் முன்

சென்னையில் ஆபீஸ் இன்டீரியர் வேலை எடுத்துச் செய்கிறேன். வருகிறவர்கள் முதலில் கலரையும் சோபாவையும் பற்றித்தான் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது, செவ்வாய்க்கிழமை எத்தனை பேர் வருகிறார்கள், வெள்ளிக்கிழமை எத்தனை பேர் என்று. இரண்டு வாரம் காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் காலி நாற்காலிகளை எண்ணிக் குறித்துவையுங்கள். ஆளுக்கொரு மேசை தேவையா என்பது அதிலேயே தெரிந்துவிடும். மேசையைப் பொதுவாக்கினால் ஆளுக்கொரு லாக்கர் கட்டாயம், ஹெல்மெட்டும் டிபன் பையும் உள்ளே போகிற அளவில்.

அப்புறம் சத்தம். இதில்தான் பாதி ஆபீஸ்கள் கோட்டை விடுகின்றன. திறந்த ஹாலில் நாலு பேர் போனில் பேசினால் மற்றவர்களுக்கு வேலை ஓடாது. ஓரமாக இரண்டு போன் அறை கட்டுங்கள். ஜிப்சம் தடுப்புக்குள் சத்தத்தை உறிஞ்சும் ராக்வூல் பஞ்சு அடைக்க வேண்டும். தடுப்பை ஃபால்ஸ் சீலிங்கோடு நிறுத்தாமல் கான்கிரீட் தளம் வரை ஏற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பேச்சு சீலிங்குக்கு மேலே ஏறி அடுத்த பக்கம் இறங்கும். கதவடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் போச்சு. சின்ன அறைதானே என்று காற்றோட்டத்தை விட்டுவிடாதீர்கள். தடுப்பு மாறினால் ஏசி வென்ட்டும் தீயணைக்கும் ஸ்பிரிங்க்ளரும் சேர்ந்தே மாற வேண்டும்.

வயரிங்கில் கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் லைன் தனி. லேசர் பிரிண்டரை அதில் செருக விடாதீர்கள், சூடேறும்போது கரண்டை ஏகத்துக்கும் இழுக்கும்.

தரைக்கு 50 செ.மீ. கார்பெட் டைல் போதும். காபி கொட்டினால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி வையுங்கள், பிறகு அதே நிறம் கிடைக்காது.