ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் பொறுப்புக்கு வர நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச உலக வரைபடம் ஓபன்ஸ்ட்ரீட்மேப். அதன் அறக்கட்டளையின் இயக்குநர் குழுத் தேர்தலில் நிற்கப்போவதாகச் சொன்ன நண்பர் ஒருவர், தன் அறிக்கையின் வரைவை எனக்கு அனுப்பியிருந்தார். மூன்று வாக்குறுதிகள்: இந்தியச் சாலைகளின் வகைப்பாட்டைச் சீராக்குவேன், எல்லா ஊர்ப்பெயர்களையும் தமிழில் ஏற்றவைப்பேன், தப்பும் தவறுமாகத் திருத்துபவர்களைத் தடைசெய்வேன். மூன்றும் நல்ல ஆசைகள்தான். ஆனால் அந்தப் பதவியில் உட்கார்ந்து செய்யக்கூடியது அவற்றில் ஒன்றுகூட இல்லை.

நான் அடிக்கடி பார்க்கும் தவறு இது. ஸ்டீவ் கோஸ்ட் 2004-ல் இங்கிலாந்தில் இந்தத் திட்டத்தைத் தொடங்கினார். அறக்கட்டளை வந்தது 2006-ல். வரைபடத்தை ஆள்வதற்காக அல்ல, தாங்குவதற்காகவே அது வந்தது. சர்வர் ஓட வேண்டும், அதற்குப் பணம் வேண்டும், உரிமத்தையும் வணிகக்குறியையும் காக்க வேண்டும். ஏழு பேர் கொண்ட இயக்குநர் குழுவின் கவலை இவைதான். எந்தச் சாலையை எந்த வகையில் சேர்ப்பது என்பதை அந்தந்த ஊர் மேப்பர்கள், அதாவது வரைபடத்தைத் திருத்துபவர்கள், பேசித் தீர்க்கிறார்கள். தமிழ்ப் பெயர் சேர்க்க எந்தப் பதவியும் வேண்டாம், இன்றைக்கே சேர்க்கலாம். விஷமத் திருத்தங்களைப் பார்ப்பது அறக்கட்டளையின் டேட்டா பணிக்குழு.

சில சமயம் அந்தப் பணிக்குழுவின் முடிவின் மீதே மேல்முறையீடு இயக்குநர் குழுவிடம் வரும். ரஷ்யாவும் உக்ரைனும் உரிமை கோரும் கிரைமியா எந்த நாட்டு எல்லைக்குள் காட்டப்பட வேண்டும் என்று பணிக்குழு 2018 நவம்பரில் ஒரு முடிவெடுத்தது. உக்ரைன் மேப்பர்கள் முறையிட்டார்கள். டிசம்பரில் இயக்குநர் குழு அந்த முடிவைத் திருப்பியது. எப்படித் தீர்ப்புச் சொன்னாலும் ஒரு பக்கம் மனம் உடைந்து போகும் வழக்கு அது. உங்கள் அறிக்கையைப் படிப்பவர், இப்படியொரு கோப்பு உங்கள் முன்னால் வந்தால் எப்படி யோசிப்பீர்கள் என்றுதான் தேடுவார்.

அடுத்தது, திருத்த எண்ணிக்கையைத் தகுதியாக முன்வைப்பது. ஆயிரக்கணக்கில் வீடுகள் வரைந்தது பெரிய உழைப்பு, மறுக்கவில்லை. அது வரையத் தெரியும் என்பதற்குச் சாட்சி. சேர்ந்து வேலை செய்யத் தெரியுமா என்பதற்கான சாட்சி, உங்கள் சேஞ்ச்செட்களின் (ஒரே தடவையில் சேமித்த திருத்தங்களின் தொகுப்பு) கீழே கிடக்கும் உரையாடல்களில் இருக்கிறது. "நீங்கள் நகர்த்திய சாலை இப்போது கண்மாய்க்குள் போகிறது, பார்க்கிறீர்களா?" என்று யாரோ கேட்டிருப்பார். அதற்கு "ஆமாம், செயற்கைக்கோள் படம் விலகியிருந்ததைக் கவனிக்கவில்லை, சரிசெய்துவிட்டேன்" என்று பதில் போட்டீர்களா, "எனக்குச் சொல்லித்தர வேண்டாம்" என்று போட்டீர்களா? எதுவும் அழியாது, யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். வாக்களிப்பவர்கள் படிக்கவும் செய்கிறார்கள்.

அதனால்தான், நேரே தேர்தலுக்குப் போகாமல் ஏதாவதொரு பணிக்குழுவில் ஓராண்டு இருந்துவிட்டுப் போங்கள் என்கிறேன். உரிமம், தகவல் தொடர்பு, உறுப்பினர் சேர்க்கை என்று எல்லாவற்றிலும் ஆள் பற்றாக்குறை. தலைமைப் பொறுப்பின் முக்கால்வாசியை அங்கேயே கற்றுக்கொள்ளலாம்.

உறுப்பினராகச் சேர்வதைத் தள்ளிப்போடாதீர்கள். வாக்களிக்கவும் போட்டியிடவும் குறிப்பிட்ட காலத்துக்கு முன்பே உறுப்பினராக இருந்தாக வேண்டும். ஆண்டுக் கட்டணம் 15 பவுண்டு. கடந்த ஓராண்டில் 42 நாட்கள் வரைபடத்தில் வேலை செய்திருந்தால் கட்டணமில்லாமலே விண்ணப்பிக்கலாம். கட்டணத்துக்குப் பயந்து ஒதுங்கிய பலருக்கு இது தெரிவதே இல்லை.

போட்டியாளரைத் தாக்கி எழுதுவதும் வேண்டாம். இங்கே வாக்கு விருப்ப வரிசையில் போடப்படுகிறது. முதல் விருப்பமாக ஒருவரைத் தேர்ந்தவரின் வாக்கு, அந்த ஒருவர் போட்டியிலிருந்து விலக்கப்பட்டால், அடுத்த விருப்பத்துக்குப் போகும். இன்று நீங்கள் திட்டியவரின் ஆதரவாளர்தான் நாளை உங்களுக்கு இரண்டாம் இடம் தர வேண்டியவர்.

எங்கே வேலை செய்கிறீர்கள் என்பதை மறைக்காதீர்கள். வரைபடத் தரவை வைத்துத் தொழில் செய்யும் கம்பெனியில் இருப்பது குற்றமில்லை. அறிக்கையின் முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டு, எந்த விஷயங்களில் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொள்வீர்கள் என்றும் எழுதிவிடுங்கள். பிறர் கண்டுபிடித்துச் சொன்னால், உண்மையாகவே நீங்கள் நேர்மையாக நடந்திருந்தாலும் நம்ப ஆள் இருக்காது.

இன்னொன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அறக்கட்டளை பிரிட்டிஷ் கம்பெனிச் சட்டப்படி பதிவானது. வென்றால் நீங்கள் சட்டப்படி ஓர் இயக்குநர். உங்கள் பெயர், பிறந்த மாதமும் ஆண்டும், நாடு, தொடர்பு முகவரி எல்லாம் அங்குள்ள பொதுப் பதிவேட்டில் ஏறும். வீட்டு முகவரியைப் போட்டுவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள். என்ன முகவரி தரலாம் என்று முதலிலேயே கேளுங்கள், குறிப்பாகப் பெண்கள்.

நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். குளிர்காலத்தில் லண்டனில் இரவு எட்டு மணிக்குக் கூட்டம் என்றால் நமக்கு நள்ளிரவு ஒன்றரை. கூட்டத்துக்கு முன் படிக்க வேண்டிய கோப்புகள் தனி. வாரம் பத்து மணிநேரம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு மாதக்கணக்கில் பதில் போடாமல் இருப்பதைவிட, இரண்டு மணிநேரம்தான் முடியும் என்று சொல்லி அதைத் தவறாமல் தருபவர் மேல். உங்கள் பெயர் பட்டியலில் இருக்கும்வரை அந்த வேலையை வேறு யாரும் தொடமாட்டார்கள். அதுதான் பெரிய சேதம்.

விலகும்போதும் ஒரு முறை உண்டு. நாங்கள் நடத்திய உள்ளூர் மேப்பர் குழு ஒன்றில், எல்லாக் கணக்குகளும் ஒருங்கிணைப்பாளரின் ஒரே செல்பேசி எண்ணில் இருந்தன. அவர் வேலைக்கு வெளிநாடு போனார், எண் காலாவதியானது, ஓடிபி வரும் வழி அடைபட்டது. மேப்பிங் பார்ட்டிக்கு, அதாவது கூடி வரைபடம் வரையும் சந்திப்புக்கு, பெயர் கொடுத்திருந்த நாற்பது பேருக்கு இடம் மாறியதைக்கூடச் சொல்ல முடியவில்லை. மழையில் பழைய இடத்துக்கே வந்து நின்ற ஒரு கல்லூரி மாணவி, அதன்பிறகு எந்தச் சந்திப்புக்கும் வரவில்லை. இப்போது ஒவ்வொரு கணக்குக்கும் இரண்டு பேர். எந்தக் கடவுச்சொல் யாரிடம், எந்தக் கட்டணம் எந்தத் தேதியில் என்று இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று இருக்கிறது. புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு முதல் நாளே அதைத்தான் கையில் கொடுக்கிறோம்.