டாம்கேட்டில் செயலிக்குப் பாதை வைப்பது

பிரிக்பீல்ட்ஸில் ஒரு டியூஷன் சென்டரின் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன், ஜாவா வலைச் செயலிகளை இயக்கும் டாம்கேட் 9. வெப்ஆப்ஸ் கோப்புறையில் வார் (WAR) கோப்பை, அதாவது செயலியின் தொகுப்பைப் போட்டால், அதன் பெயரே வலை முகவரியில் வரும் பாதை: பீஸ்.வார் என்றால் /பீஸ். முகப்பிலேயே திறக்க ரூட்.வார், ரூட் முழுக்கப் பெரிய எழுத்தில். /பீஸ்/அட்மின் வேண்டுமா? பீஸ்#அட்மின்.வார் என்று பெயர் வையுங்கள்.

எனக்குப் பிடித்த வழி வேறு. கான்ஃப்/கேட்டலினா/லோக்கல்ஹோஸ்ட் உள்ளே, வேண்டிய பாதையின் பெயரில் எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்று எழுதி, கான்டெக்ஸ்ட் டேக்கில் டாக்பேஸ், அதாவது வார் கோப்பு இருக்கும் இடம், கொடுங்கள். வார் கோப்பு வெப்ஆப்ஸுக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே இருந்தால் டாம்கேட் அந்த டாக்பேஸைக் கண்டுகொள்ளாது. லாகில் ஒரு எச்சரிக்கை மட்டும் விழும். அப்புறம், அந்த டேக்கில் பாத் (path) என்று பாதையைத் தனியாக எழுதுவது வீண். கோப்பின் பெயர்தான் செல்லும்.

சிலர் அந்த டேக்கை டாம்கேட்டின் முதன்மை அமைப்புக் கோப்பான சர்வர்.எக்ஸ்எம்எல்லில் எழுதச் சொல்வார்கள். வேண்டாம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் டாம்கேட்டை நிறுத்தித் தொடங்க வேண்டும்.