மேல்வீட்டு பாத்ரூம் நம் சீலிங்கில் ஒழுகும்போது

அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்வீட்டுத் தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் பலர் செய்கிற முதல் வேலை, சீலிங்கில் வாட்டர்புரூஃப் பெயின்ட் அடிப்பது. சில மாதங்களில் அது கொப்புளித்து உரிந்துவிடும். அதைவிடக் கெடுதல், உரியாமல் நின்றால்தான். வெளியேற வழியில்லாத தண்ணீர் தளத்துக்குள்ளேயே தேங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால், கான்கிரீட் வெடித்துக் கட்டி கட்டியாக விழும். ஆகவே வேலை மேலேதான் நடக்க வேண்டும். அதற்கு மேல்வீட்டார் சம்மதிக்க வேண்டும். எங்கே ஒழுகுகிறது என்பதை இரு வீட்டாரும் பார்க்கச் சோதித்துக் காட்டினால் சம்மதம் சீக்கிரம் கிடைக்கும்.

முதலில் கரண்ட்

சீலிங்கில் ஃபேன் கொக்கியும் ஒயர் போகும் குழாயும் பதிந்திருக்கும். தண்ணீர் அந்தக் குழாய் வழியாகவே ஓடி ஃபேன் கப்பிலோ சுவிட்ச் போர்டிலோ இறங்கும். ஈரம் தெரியும் அறையின் எம்சிபியை (மெயின் போர்டில் அந்த அறைக்கான சுவிட்சை) அணைத்துவிடுங்கள். மின்கசிவு வந்தால் தானே அணையும் ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள். ஜிப்சம் சீலிங் வயிறு போல் தொங்கினால், கரண்டை அணைத்தபின், கீழே வாளி வைத்து, தொங்கலின் நடுவில் ஸ்க்ரூடிரைவரால் சின்னத் துளை போடுங்கள். விட்டுவைத்தால் பலகையே மொத்தமாக இறங்கும்.

பிறகு தேதி தெரியும்படி படம், வீடியோ எடுங்கள். ஈரத்தின் விளிம்பைப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். சொட்டு விழுந்தால் அளவுக்கோடு போட்ட வாளியை வைத்து, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை எவ்வளவு சேர்ந்தது என்று குறியுங்கள். இரண்டு நாள் கணக்கு இருந்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஒழுகும் விதம் என்ன சொல்கிறது

இரவும் பகலும் ஒரே வேகத்தில் சொட்டினால், எப்போதும் தண்ணீர் நிற்கும் சப்ளை குழாயைச் சந்தேகிக்க வேண்டும். காலைக் குளியலுக்குப் பின் கூடி இரவில் குறைந்தால், தரை டைல்ஸ் இடுக்கோ, தரைத் தண்ணீர் வடியும் நஹானி ட்ராப்போ, கழிவுக் குழாய் இணைப்போ காரணமாக இருக்கும். நாற்றமும் மஞ்சள் கறையும் இருந்தால் கம்மோடு இணைப்பு. மழைக்குப் பின் மட்டும் வந்தால் மேல்வீட்டாரைக் குற்றம் சொல்லாதீர்கள். வெளிச்சுவர் வெடிப்பையும் சன்ஷேடையும் பாருங்கள்.

ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைக்கவும் வேண்டாம். பழைய கட்டடங்களில் பாத்ரூம் தளத்தைத் தாழ்த்திப் போட்டு, மேலே செங்கல் ஜல்லியால் நிரப்பியிருப்பார்கள். தண்ணீர் அந்த ஜல்லிக்குள் குளம்போல் தங்கி, தளத்தில் பலவீனமான இடம் எதுவோ அங்கே இறங்கும். பாத்ரூம் ஒழுக, பக்கத்துப் படுக்கையறைச் சுவர் ஊறுவது இதனால்தான். மேல்வீட்டார் “எங்க தரை காய்ஞ்சுதானே இருக்கு” என்று சொல்வதும் பொய்யல்ல. அவர்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் மேலே போய், “உங்க பாத்ரூம் ஒழுகுது” என்று தொடங்குவதைவிட, “எங்க சீலிங்ல தண்ணி இறங்குது சார், ஒரு நிமிஷம் வந்து பாருங்க” என்று அழைப்பது நல்லது. அங்கே வாடகைக்கு இருப்பவர்கள் என்றால் வீட்டுச் சொந்தக்காரரிடமும் அதே நாளில் பேசுங்கள். டைல்ஸை உடைக்க அனுமதி தர வேண்டியவர் அவர்தான்.

சோதனை, இந்த வரிசையில்

முதலில் சப்ளை. மேல்வீட்டு பாத்ரூமுக்குப் போகும் கேட் வால்வை 48 மணி நேரம் மூடச் சொல்லுங்கள். ஒரே நாளில் முடிவு கட்டக் கூடாது. ஜல்லியில் தங்கிய தண்ணீர் சில நாள் சொட்டிக்கொண்டே இருக்கும். வாளிக் கணக்கில் வேகம் குறைகிறதா என்பதே முக்கியம். அவ்வளவு நேரம் மூட முடியாது என்றால் பிளம்பரிடம் கைப்பம்பு இருக்கும். கீஸரைக் கழற்றி, குழாய்களை அடைத்து, சதுர செ.மீ.-க்கு 5 கிலோ அழுத்தம் ஏற்றி 1 மணி நேரம் விட்டால், ஓட்டை இருக்கும் லைனில் அழுத்தமானியின் முள் இறங்கும். (ஓவர்ஹெட் டேங்கிலிருந்து 10 மீட்டர் இறக்கத்துக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம்தான் வரும், அதனால் 5 கிலோ போதும். பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் அதற்கு மேல் ஏற்றினால் புது ஓட்டை வரலாம்.)

அடுத்து தரை. பாலிதீன் பையில் துணியைச் சுருட்டி, இழுத்தெடுக்கக் கயிறு கட்டி, நஹானி ட்ராப்பை இறுக அடையுங்கள். நிலைப்படியைத் தாண்டாமல் 2.5 செ.மீ. தண்ணீர் நிறுத்தி, சுவர் டைல்ஸில் மட்டத்தைக் குறித்து, கதவை மூடி 24 மணி நேரம் விடுங்கள். ஓரிரு மில்லிமீட்டர் ஆவியாவது சகஜம். அதற்கு மேல் இறங்கி, கீழேயும் ஈரம் கூடினால் தரைதான். மட்டம் அப்படியே நின்றால் அடைப்பை எடுத்து ஒரேயடியாக வடியவிடுங்கள். அதன்பின் கீழே சொட்டு கூடினால் ட்ராப்பிலோ அதன் குழாயிலோ கோளாறு. நேராகத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பவர்களுக்கு இந்த இரண்டும் பிரிந்து தெரியாது.

கம்மோடுக்கு, கேசரிப் பவுடரைக் கரைத்து ஊற்றி ஃப்ளஷ் செய்யுங்கள். நிறம் கீழே வந்தால் அதுவே சாட்சி. வராவிட்டால் கம்மோடு குற்றமற்றது என்று ஆகாது. ஜல்லி நிறத்தை உறிஞ்சிவிடும்.

சீலிங்கில் கம்பி வெளியே தெரிந்தாலோ கான்கிரீட் தொங்கினாலோ தண்ணீர் நிறுத்தும் சோதனை வேண்டாம். முதலில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழையுங்கள்.

மேலே செய்ய வேண்டிய வேலை

கோளாறு டைல்ஸ் இடுக்கில் மட்டும் என்றால் பழைய வெள்ளை சிமென்டைச் சுரண்டி எடுத்து எபாக்ஸி கிரவுட் (தண்ணீர் புகாத இடுக்குக் கலவை) நிரப்பிப் பாருங்கள். ட்ராப்பைச் சுற்றியும் கம்மோடு அடியிலும் மறக்காமல். பழைய சிமென்டின் மேலேயே பூசினால் பிடிக்காது.

அதில் நிற்காவிட்டால் உடைக்க வேண்டியதுதான். ஜல்லி முழுவதையும் தளம் தெரியும்வரை வாரி எடுத்து, பைப் புகும் ஓட்டைகளைச் சுருங்காத கிரவுட்டால் அடைத்து, சுவரும் தரையும் சேரும் மூலையில் 5 செ.மீ. சாய்வுக் கலவை பூசி, காய்ந்ததும் பாலிமர் கலந்த சிமென்ட் பூச்சு இரண்டு கோட், ஒன்றுக்கு ஒன்று குறுக்காக. பூச்சு சுவரில் குறைந்தது 30 செ.மீ. ஏற வேண்டும், ஷவர் பக்கம் ஆள் உயரம். கொத்தனார்கள் பெரும்பாலும் சுருக்கிக்கொள்ளும் இடம் இதுதான். சிமென்டில் வாட்டர்புரூஃப் திரவத்தைக் கலந்து பூசிவிட்டு “போதும் சார்” என்பார்கள். போதாது. ஜல்லி நிரப்பும் முன் பூச்சின் மேல் 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்தி, கீழ்வீட்டிலிருந்து பார்த்த பிறகே அடுத்த வேலை. டைல்ஸ், ட்ராப்பை நோக்கி 80 செ.மீ.-க்கு 1 செ.மீ. சரிவாவது இருக்கட்டும்.

பணமும் மறுப்பும்

ஒரு வீட்டுக்கு மட்டும் பயன்படும் குழாயும் தரையும் அந்த வீட்டுச் சொந்தக்காரர் பொறுப்பு. டக்டில் (குழாய்களுக்காக விட்ட குறுகிய இடைவெளியில்) இறங்கும் பொதுக் குழாய் அசோசியேஷன் பொறுப்பு. வழக்கம் இதுதான் என்றாலும் உங்கள் அசோசியேஷன் விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள். வேலை தொடங்கும் முன்னரே, டைல்ஸ் செலவும் கீழ்வீட்டுச் சீலிங் செலவும் யாருடையது என்று வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். புதுக் கட்டடம் என்றால், 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, சாவி கொடுத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் சொல்லப்படும் கட்டுமான, வேலைத்தரக் குறையை பில்டர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். அந்தச் சட்டத்தில் பதிவான திட்டமா என்று பாருங்கள்.

மேல்வீட்டார் கதவையே திறக்காவிட்டால், சோதனை விவரம், படங்கள், பிளம்பர் எழுதிக் கொடுத்த அறிக்கை ஆகியவற்றுடன் 15 நாள் கெடு வைத்து ஒப்புகை அட்டையோடு கடிதம் அனுப்புங்கள். அசோசியேஷனுக்கு ஒரு நகல். போலீஸ் பெரும்பாலும் இதை சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனு கொடுக்கலாம். அதுவும் பலிக்காவிட்டால் சிவில் நீதிமன்றத்தில், பழுது பார்க்கக் கட்டளையிடும் உறுத்துக்கட்டளையும் (இன்ஜங்ஷன்) நஷ்ட ஈடும் கேட்கலாம். வழக்கோடு, இடத்தை நேரில் பார்க்க நீதிமன்றம் அனுப்பும் வக்கீலான அட்வகேட் கமிஷனரை நியமிக்கவும் உங்கள் வக்கீலிடம் மனு போடச் சொல்லுங்கள். நேரில் பார்த்து அவர் தரும் அறிக்கை, நீங்கள் எடுத்த படங்களைவிட எடை கூடியது.

கடைசியில்தான் சீலிங்

மேலே சரியான பின் சீலிங் காயச் சில வாரம் ஆகும். மழைக்காலத்தில் இன்னும் கூடும். ஓரடிச் சதுர பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வேர்த்தால் பொறுங்கள். காய்ந்ததும் தட்டிப் பார்த்து, டொக்கென்று வெற்றொலி கேட்கும் பூச்சையெல்லாம் கொத்தி எடுங்கள். கம்பித் துருவை ஒயர் பிரஷால் பளிச்சென்று தேய்த்து, துத்தநாக பிரைமர் அடித்து, பாலிமர் கலவையால் பூசுங்கள். கம்பி கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தால் பூச்சு வேலையோடு விடக் கூடாது. இன்ஜினியர் பார்த்தாக வேண்டும். வெள்ளையாகப் பூத்த உப்பை ஈரத்துணியால் துடைத்தால் கரைந்து மறுபடி உள்ளே போகும். உலர்ந்த பிரஷால் தள்ளிவிட்டு, புது உப்பு பூக்கவில்லை என்று இரண்டு வாரம் பார்த்தபின் புட்டியும் பெயின்டும்.