முஸ்லிம்களைப் பற்றிக் கருத்துக் கேட்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் தமிழ் தெரிந்த சர்வே ஆட்களுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராம்புரம், சிவாஜிநகர் போன்ற ஏரியாக்களில் கன்னடப் படிவத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. அதனால் ஒவ்வொரு வேலைக்கும் புதுசாக ஒரு செட் பசங்க வருகிறார்கள். சோப்பு, ஷாம்பூ சர்வே எடுத்துப் பழகியவர்கள். அண்டை வீட்டார், மத நல்லிணக்கம், முஸ்லிம்களைப் பற்றிய எண்ணம் என்று வரும் படிவத்தையும் அதே வேகத்தில் முடித்துவிடலாம் என்று கிளம்புகிறார்கள். எங்கள் செட் அந்தக் காலத்தில் அடித்த கூத்தையே இவர்களும் அடிப்பதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். அடையாள அட்டை மாட்டு, டேப்லெட்டுக்குச் சார்ஜ் போடு என்பதெல்லாம் ட்ரெயினிங்கில் சொல்லித் தருவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

பர்தாவைப் பார்த்ததும் இந்தியில் ஆரம்பிப்பது

சிவாஜிநகரில் கதவைத் திறப்பவர் மேலப்பாளையத்துக்காரராக இருக்கலாம், கீழக்கரைக்காரராக இருக்கலாம். வீட்டில் பேசுவது தமிழ்தான். அடுத்த வீட்டில் தக்னி என்ற தென்னாட்டு உருது பேசுவார்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துக் குடும்பம் என்றால் உருதும் தமிழும் மாறி மாறி வரும். மங்களூர்ப் பக்கத்து பியாரி, பட்கல் நவாயத், மலையாள மாப்பிளா என வெவ்வேறு பேச்சுள்ள முஸ்லிம்கள் எல்லாரும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். ஒரு பையனின் உடைந்த இந்தியை ஒரு அம்மா பொறுமையாகக் கடைசிவரை கேட்டுவிட்டு, "தம்பி, எனக்குத் திருநெல்வேலி. தமிழ்லயே கேளு, சீக்கிரம் முடியும்" என்றார். ஆனால் தாய்மொழி என்ற இடத்தில் அவன் ஏற்கெனவே உருது என்று தட்டியிருந்தான். மக்களின் முன்முடிவை அளக்க வந்தவன் தன் முன்முடிவைப் படிவத்தில் ஏற்றிவிட்டுப் போகிறான்.

பெயரை வைத்து மதத்தை நிரப்புவது

பாபு என்ற பெயரில் எல்லா மதத்திலும் ஆள் உண்டு. கேட்டு எழுதுங்கள்.

கேள்விக்கு முன்னால் நீங்களாக ஒரு வரி சேர்ப்பது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். சொன்னால், "இதுக்கா இவ்வளவு?" என்பார்கள்.

படிவத்தில் கேள்வி தெளிவாகத்தான் இருந்தது: "உங்கள் பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம் குடிவந்தால் ஏற்றுக்கொள்வீர்களா, மாட்டீர்களா?" அல்சூர்ப் பக்கம் எடுத்த ஒரு வேலையில் ஏறக்குறைய எல்லாப் படிவத்திலும் "ஏற்றுக்கொள்வேன்" என்றே வந்தது. ஆபீசில் ஒரே சந்தோஷம். எனக்கு மட்டும் இடித்தது. அதே தெருக்களில் டு-லெட் போர்டைப் பார்த்துப் போன் செய்து, பெயரைச் சொன்ன மறுநொடியே "வீடு போயிடுச்சுங்க" என்ற பதிலைக் கேட்டவர்களை எனக்குத் தெரியும். டேப்லெட்டில் பதிவாகியிருந்த ஆடியோவைப் போட்டுக் கேட்டோம்.

"அம்மா, நாம எல்லாம் அப்படிப் பாக்குறதில்ல. இருந்தாலும் பாரத்துல இருக்கு, கேக்கணும். பக்கத்து வீட்டுக்கு முஸ்லிம் குடும்பம் வந்தா உங்களுக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லதானே?"

"சேச்சே, அதெல்லாம் என்னப்பா? மாமன் மச்சானாப் பழகுறோம்."

அடுத்த ஆடியோவும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். "நாம அப்படிப் பாக்குறதில்ல" என்றதும் எது நல்ல பதில் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்துபோகிறது. "இல்லதானே" என்று முடித்ததும் வேறு பதிலுக்கு வழியே இல்லை. வெயிலில் வந்து நிற்கிற பிள்ளையின் முகம் கோணக் கூடாது என்று அவரும் சொல்லிவிட்டார். பையன் திருட்டு வேலை எதுவும் பார்க்கவில்லை. வீட்டில் உட்கார்ந்தபடி படிவம் நிரப்பும் ஆட்களைப் பிடிப்பது சுலபம். இவன் ஒவ்வொரு படியும் ஏறி இறங்கியவன். முகத்துக்கு நேரே இப்படியொரு கேள்வியைக் கேட்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவன், அவ்வளவுதான். மரியாதையால் கெட்டுப்போன தகவலைப் பிரித்தெடுக்க வழி கிடையாது என்பதுதான் என் கோபம்.

கம்பெனி அந்த ஏரியாப் படிவங்களை மொத்தமாகத் தள்ளியது. மறுபடி எடுக்கும் செலவைப் பசங்க தலையில் கட்டி, பேசிய கூலியில் பாதியைத்தான் கொடுத்தது. அந்தக் கேள்வியை ஒரு தடவைகூட வாய்விட்டுப் படிக்கச் சொல்லாமல் களத்துக்கு அனுப்பியதும் அதே கம்பெனிதான் என்பதை யாரும் பேசவில்லை.

மறுபடி போனபோது அதே வீட்டில் வேறொரு பெண் கேள்வியை அச்சிட்டபடி படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். ஆடியோவில் கொஞ்ச நேரம் குக்கர் விசில் மட்டும் கேட்கிறது. அப்புறம் அந்த அம்மா பேசுகிறார்: "பக்கத்து வீடுன்னா பரவாயில்லம்மா. எங்க மாடி போர்ஷனுக்குன்னா வேணாம். எனக்கு ஒண்ணுமில்ல, எங்க வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டார்."

இரண்டு தடவையும் அவர் பொய் சொல்லவில்லை. ரம்ஜானுக்கு அந்த வீட்டுக்குப் பிரியாணி வருகிறது, தீபாவளிக்கு அங்கிருந்து பலகாரம் போகிறது. மாமன் மச்சான் பேச்சு உண்மை, மாடி வீட்டுச் சாவி தர மனசில்லாததும் உண்மை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019-20இல் இந்தியா முழுக்க 17 மொழிகளில் கிட்டத்தட்ட 30,000 பேரை நேரில் கண்டு எடுத்த ஆய்விலும் இதே கதைதான். உண்மையான இந்தியராக இருக்க எல்லா மதங்களையும் மதிப்பது மிக முக்கியம் என்றவர்கள் 84 சதவீதம். அதே ஆய்வில், முஸ்லிமை அண்டை வீட்டாராக ஏற்க மாட்டோம் என்ற இந்துக்கள் 36 சதவீதம். உங்கள் ஒரு வரி அந்த 84-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு வரும். 36 வாசலுக்கு உள்ளேயே தங்கிவிடும்.

ஆகவே அச்சிட்டபடி படியுங்கள், படித்துவிட்டுச் சும்மா இருங்கள். "சரி, தப்பு என்று எந்தப் பதிலும் கிடையாது" என்ற வரி படிவத்தின் தலைப்பிலேயே இருக்கும், அது போதும். "நீ என்னப்பா நினைக்கிற?" என்று திருப்பிக் கேட்டால், "உங்க கருத்துதாம்மா வேணும்" என்பதோடு நிறுத்துங்கள்.

"நாங்க சைவம்" என்றதும் அடுத்த கேள்விக்குப் போவது

வீடு தர மறுக்கும் காரணத்தில் உணவு என்று ஒரு கட்டம் இருக்கும். பசங்களுக்குப் பிடித்த கட்டம் அது, ஒரே தட்டில் வேலை முடிந்துவிடும். நிஜமாகவே சைவக் குடும்பங்கள் இருக்கின்றன, அவர்கள் கிறிஸ்தவருக்கும் தர மாட்டார்கள், கறி சாப்பிடும் இந்துவுக்கும் தர மாட்டார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டன் வாங்க வரிசையில் நிற்கும் வீட்டுக்காரரும் இதே பதிலைச் சொல்வார். "கறி சாப்பிடுற மத்தவங்களுக்குக் குடுப்பீங்களா?" என்ற துணைக் கேள்வி அச்சில் இருக்கிறது. ஆடியோ கேட்டால், அதைத் தாண்டிப் போகாத ஆளே கிடையாது.

வாய் சொல்வதை மட்டும் நம்பினால் இப்படித்தான். பொருளியலாளர் சுக்தேவ் தோரட்டும் சமூகவியலாளர் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில் யாரிடமும் கருத்தே கேட்கவில்லை. ஒரே தகுதியுள்ள வேலை விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயர்களைவிட முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு மிகக் குறைவாக வந்தது.

தலையாட்டுவது, இல்லையென்றால் சண்டைக்கு நிற்பது

"அவங்க நாலு கல்யாணம் பண்ணுவாங்க, பிள்ளைகளை மதரசாவுக்குத்தான் அனுப்புவாங்க" என்று யாராவது ஆரம்பித்தால் ஒரு சாரார் "ஆமா ஆமா" என்று தலையாட்டுகிறார்கள். இன்னொரு சாரார், பெரும்பாலும் காலேஜ் முடித்துவிட்டு வருகிறவர்கள், போனை எடுத்துப் புள்ளிவிவரம் காட்டுகிறார்கள். விவரம் சரிதான். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 சுற்றில், கணவருக்கு வேறு மனைவியும் உண்டு என்று சொன்ன முஸ்லிம் பெண்கள் 1.9 சதவீதம், இந்துப் பெண்கள் 1.3 சதவீதம். முஸ்லிம் பெண்களின் சராசரிக் குழந்தைப்பேறு 1992-93இல் 4.4 ஆக இருந்தது, 2019-21இல் 2.36. இந்துக்களுக்கு 1.94. பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் மதரசாவில் படிப்பவர்கள் ஏறக்குறைய 3 சதவீதம்தான் என்று முஸ்லிம்களின் நிலையை ஆராய மத்திய அரசு அமைத்த சச்சார் குழு 2006இலேயே எழுதிவிட்டது.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும், தெரிந்தால்தான் தலை தானாக ஆடாது. வாசலில் பாடம் எடுத்தால் மிச்சக் கேள்விகளுக்கு உங்களைத் திருப்திப்படுத்தும் பதில்தான் கிடைக்கும். அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதிவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். கஷ்டம்தான், அதுவும் சேர்த்துத்தான் கூலி.

நாலு பேர் நடுவில் கேட்பது

திண்ணையில் மாமியார் இருந்தால் மருமகள் பதில் மாமியாருடையது.

முஸ்லிம் வீட்டில் பாதிப் படிவத்தோடு எழுந்து வருவது

அங்கே போனதும் நம் ஆட்களுக்குக் கூச்சம் வந்துவிடுகிறது. பிற மதத்தாரைப் பற்றிய கேள்விகளைத் தாண்டிவிட்டு, பாகுபாடு அனுபவித்தீர்களா என்பதை மட்டும் உருக்கமாகக் கேட்கிறார்கள். அவர்களும் கருத்துள்ள மனிதர்கள்தானே? தங்கள் சமூகப் பெண்கள் வேறு மதத்தில் மணம் முடிப்பதைத் தடுப்பது மிக முக்கியம் என்று பியூ ஆய்வில் சொன்ன முஸ்லிம்கள் 80 சதவீதம், இந்துக்கள் 67 சதவீதம். முழுப் படிவத்தையும் கேட்டால்தான் இது தெரியவரும்.

இன்னொன்று, முஸ்லிம் பெண்களை முஸ்லிம் சந்துக்கு மட்டும் அனுப்பாதீர்கள். எங்களோடு வேலை பார்க்கும் ஒருத்தி இந்துத் தெருக்களுக்கும் போகிறாள். பெயரைக் கேட்டால் சிலர் தேன் ஒழுகப் பேசுவார்கள், ஒருவர் கதவையே சாத்தினார். படிவத்தில் அதைக் குறிக்க "பேட்டிக்கு மறுப்பு" என்ற கட்டம்தான் இருந்தது. கேட்டது யார் என்ற எண் ஒவ்வொரு படிவத்திலும் ஏற வேண்டியது இதற்காகத்தான்.

பியூவின் 36 சதவீதத்தை எல்லா ரிப்போர்ட்டிலும் ஒட்டுவது

அது நாடு முழுக்க இந்துக்களுக்கான எண். மதம் தாண்டிய திருமணம் போன்றவற்றில் தெற்கும் மத்திய இந்தியாவும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று அந்த அறிக்கையே பிரித்துக் காட்டுகிறது. அல்சூர் தமிழர்களைப் பற்றிச் சொல்ல அல்சூரில்தான் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம்

ஒரு மணிக்குப் போய் நின்றுவிட்டு "வீட்டில் ஆண்கள் யாரும் இல்லை" என்று எழுதாதீர்கள். ரமலான் மாதத்தில் காலையிலேயே போய்விடுங்கள். சாயங்காலம் பிரேசர் டவுன் பக்கம் படிவத்தோடு திரிகிறவர்கள் சர்வேக்காக வரவில்லை, நோன்பு திறக்கும் நேரத்துச் சாப்பாட்டுக்காகத்தான் என்று எல்லாருக்கும் தெரியும்.